ஆயுதபாணி வார்டு வாசலில் நிற்கும்போது

2008-ஆம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி இரவு மும்பை காமா ஆஸ்பத்திரியில் நடந்ததை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் பிரயாணிகளைச் சுட்டு வீழ்த்திவிட்டு வந்த பயங்கரவாதிகள் இருவர், அருகிலிருந்த சந்தின் வழியாக அந்த ஆஸ்பத்திரிக்குள் புகுந்தனர். ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்குமென்று 1886-இல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. காவற்காரர் இருவர் அவர்கள் குண்டுகளுக்கு இரையாயினர். அவ்விரவு அஞ்சலி குல்தே என்ற நர்ஸின் பொறுப்பில் 20 கர்ப்பிணிகள் இருந்தனர். அவர் வார்டின் கனத்த கதவுகளைச் சாத்தித் தாழிட்டார், விளக்குகளை அணைத்தார், கர்ப்பிணிகள் அனைவரையும் வார்டின் கோடியிலிருந்த சிறிய உக்கிராண அறைக்குள் கொண்டு சேர்த்தார். குண்டடிபட்ட பணிப்பெண்ணைச் சிகிச்சைக்கு அனுப்ப வழி செய்தார். ரத்த அழுத்தம் மிகுந்திருந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டபோது, சுவரோடு சுவராக ஒட்டி நடத்திப் பிரசவ அறைக்கு அழைத்துச் சென்றார். வெளியே வெடிச் சப்தம் கேட்டுக்கொண்டிருக்கையிலேயே ஒரு குழந்தை பிறந்தது.

பின்னர் அந்த அம்மையார் கசாபை அடையாளம் காட்டி நியாயஸ்தலத்தில் சாட்சி சொன்னார். 2022 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை முன்பும் தம் அனுபவத்தை எடுத்துரைத்தார். தேசம் அவரைக் கொண்டாடியது. அது முற்றிலும் தகும். ஆயினும் அவர் செய்த காரியங்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி, இந்த நாட்டிலுள்ள ஒவ்வொரு வார்டின் சுவரிலும் ஒட்டி, அங்கே ராத்திரி வேலை பார்க்கும் ஒவ்வொருவரையும் மாதம் ஒரு முறையாவது அவற்றைச் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறோமா? ஒருவர் தைரியசாலியாக இருந்ததால் இருபது தாய்மார்கள் பிழைத்தார்கள் என்பது அந்த ஒருவருக்குப் பெருமை. அதே கதி இன்னொரு வார்டுக்கு வரும் இரவில் அங்கே அப்படிப்பட்ட ஒருவர் இருப்பார் என்று நம்பிக்கொண்டு உறங்குவது நிர்வாகம் ஆகாது.

பயங்கரவாதிகள் ஆஸ்பத்திரிக்குள் புகுவது அபூர்வமல்லவா என்று சிலர் கேட்கலாம். அபூர்வந்தான். நமது நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஆயுதத்துடன் வருகிறவன் பெரும்பாலும் வேறு வகையானவன். 2023 மே 10-ந் தேதி விடியற்காலையில் கேரளத்தில் கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போலீஸார் ஒருவனைக் காலில் ஏற்பட்ட காயத்துக்குக் கட்டுப்போட அழைத்து வந்தனர். உதவி வேண்டுமென்று போலீஸுக்குத் தகவல் கொடுத்தவனே அவன்தான். காயத்துக்கு மருந்திடும்போதே அவனுக்கு வெறி மூண்டது. அங்கிருந்த ரண சிகிச்சைக் கத்திரிக்கோலை எடுத்துச் சுற்றியிருந்தவர்களைக் குத்தினான். போலீஸாரும் தப்பவில்லை. கிடைத்த அறைகளுக்குள் மற்றவர்கள் ஓடி ஒளிந்துகொண்டனர். பயிற்சியிலிருந்த டாக்டர் வந்தனா தாஸ் மட்டும் அகப்பட்டுக்கொண்டார். பல இடங்களில் குத்துண்டு மாண்டார். அவருக்கு வயது 23.

இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் ஆழ்ந்து ஆராய்வது அவசியம். ஆஸ்பத்திரிப் பந்தோபஸ்து என்றதும் நமது உத்தியோகஸ்தர்களுக்கு முதலில் தோன்றுவது வாசலில் ஒரு சோதனைக் கருவியும், காவற்காரர் எண்ணிக்கையை இரட்டிப்பதும், மூலைக்கு மூலை காமிராவும். கொட்டாரக்கரையில் வாசற் சோதனை எதைக் கண்டுபிடித்திருக்கும்? ஆயுதம் ஆஸ்பத்திரியின் சொந்தச் சாமான். காவலுக்குப் போலீஸாரே உடனிருந்தனர். அங்கே இல்லாதிருந்தது ஒன்றே: வெறி மூண்ட கணத்தில் யார் எந்தப் பக்கம் நகர்வது, கடைசியாக நிற்பவரை யார் கையைப் பிடித்து இழுப்பது, எந்தக் கதவைச் சாத்துவது என்ற முன்னேற்பாடு. ஓடியவர்களை நாம் குறை கூறவில்லை. சொல்லிக் கொடுக்கப்படாதவன் ஓடத்தான் செய்வான். அது மனுஷ சுபாவம். பத்துப் பேர் தனித்தனியே ஓடினால் ஒருவர் பின்தங்குவார். பத்துப் பேரும் ஒத்திகை பார்த்திருந்தால், ஒருவர் குறைகிறார் என்பதை அந்தக் கணத்திலேயே மற்றவர்கள் கவனிப்பார்கள்.

நமது தமிழ்நாடும் இவ்விஷயத்தில் பாக்கியசாலி அல்ல. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் டாக்டரை, மனைவியைப் பிரசவ சம்பந்தமான சிகிச்சையில் இழந்த ஒருவன் அவருடைய வைத்தியசாலையிலேயே வெட்டிக் கொன்றான். 2024 நவம்பர் 13-ந் தேதி சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில், புற்றுநோய் டாக்டர் ஒருவரை ஒரு நோயாளியின் மகன் அவர் அறைக்குள்ளேயே கத்தியால் பல முறை குத்தினான். அதிர்ஷ்டவசமாக டாக்டர் உயிர் பிழைத்தார். குத்துப்பட்ட இடமே பெரிய ஆஸ்பத்திரியாயிருந்ததும் அதற்கு ஒரு காரணம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2008-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் மருத்துவ ஊழியர்களைத் தாக்குகிறவனுக்கு மூன்று வருஷத்துக்குக் குறையாமல் பத்து வருஷம் வரை சிறைவாசம் விதிக்க இடமளிக்கிறது. கேரள சர்க்கார் கொட்டாரக்கரைச் சம்பவத்தின் சூடு ஆறுமுன் அவசரச் சட்டம் கொண்டுவந்து தங்கள் பழைய சட்டத்தின் தண்டனைகளைக் கடுமையாக்கினர். 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் ஓர் இளம் பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடூரத்துக்குப் பிறகு, தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஸ்தாபனத்தின் தலைவர் போலீஸில் புகார் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார இலாகா உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் ஒரு தேசியப் பணிக்குழுவை நியமித்தது. சட்டத்தையே தொழிலாகக் கொண்ட நாம் சட்டத்தை இகழ்வோம் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆனால் கத்தியை உருவிக்கொண்டு வருகிறவன் செக்ஷன்களைப் படித்துவிட்டு வருவதில்லை. ஆறு மணி நேரத்துக்குள் புகார் பதிவாவது நல்லதே. ஆபத்தோ ஆறு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நிமிஷங்கள் யார் பொறுப்பில் விடப்பட்டிருக்கின்றன என்பதே நமது கேள்வி.

இத்தகைய ஆபத்தைப் பற்றி அதிகமாக யோசித்திருக்கும் நாடு அமெரிக்கா. துர்ப்பாக்கியவசமாக அதற்கு அனுபவமும் அதிகம். 2017 ஜூனில் நியூயார்க்கில் பிராங்ஸ் லெபனான் ஆஸ்பத்திரியில், முன்பு அங்கேயே வேலை பார்த்த ஒரு டாக்டர் துப்பாக்கியுடன் நுழைந்து ஒரு டாக்டரைக் கொன்று ஆறு பேரைக் காயப்படுத்தினார். 2022 ஜூனில் டல்ஸா நகரில் ஓர் ஆஸ்பத்திரி வளாகத்தில், தமக்கு ரண சிகிச்சை செய்த டாக்டர் மீது வன்மம் கொண்ட நோயாளி அவரையும் இன்னும் மூவரையும் கொன்றார். ஹூஸ்டன் நகர நிர்வாகத்தார் 2012-இல் பொது ஜனங்களுக்காக ஒரு பாடம் வகுத்தனர்: முதலில் ஓடு, ஓட முடியாவிட்டால் ஒளிந்துகொள், அதுவும் முடியாவிட்டால் எதிர்த்துப் போராடு. கடைத்தெருவுக்கும் காரியாலயத்துக்கும் இது சரி. ஆனால் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ரண சிகிச்சை செய்கிற டாக்டர் எங்கே ஓடுவார்? சுவாச யந்திரத்தில் இருக்கும் நோயாளியை எந்தக் கட்டிலின் கீழ் ஒளித்து வைப்பது?

இந்தக் கஷ்டத்தை உணர்ந்த அமெரிக்க டாக்டர்கள் சிலர் 2018-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிஸின்’ என்ற பத்திரிகையில் வேறொரு முறையை எழுதினர். நகர்த்த முடியாத நோயாளிகள் இருக்கும் பகுதிகளில் முதற்காரியம் கதவை அடைத்து அந்த இடத்தைக் காப்பது. இரண்டாவது, உள்ளேயிருக்கும் நோயாளியின் உயிரையும் தம் உயிரையும் காப்பது. போராட்டம், வேறு வழியே இல்லாதபோது மட்டும். காமா ஆஸ்பத்திரி நர்ஸ் பத்து வருஷத்துக்கு முன் செய்ததும் ஏறக்குறைய இதுவே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு தர்ம சங்கடம் எழுகிறது; அதை மூடி மறைப்பதில் பிரயோஜனமில்லை. நோயாளியை விட்டு ஓடலாமா? சேவையே தர்மம் என்று மேடையில் பேசுகிறவர்கள் உடனே கூடாது என்பார்கள். நாம் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பளிக்கத் துணியமாட்டோம். வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு இரவு வேலைக்கு வருகிற நர்ஸைப் பார்த்து, நீ இங்கேயே நின்று செத்துப்போ என்று உத்தரவிட எந்த சூபரின்டென்டெண்டுக்கும் அதிகாரம் இல்லை. தம் இஷ்டத்தால் நிற்பவரை வணங்குவோம். நிற்காதவரைத் தண்டிக்க எழுதப்படும் எந்த விதியும் அநீதியான விதி. ஆனால் இந்தச் சங்கடத்தின் பாதி வெறும் தச்சு வேலைக் குறையால் வருவது. உட்புறமிருந்து தாழிடக்கூடிய உறுதியான ஒரு கதவு இருந்துவிட்டால், ஓடுவதா நிற்பதா என்ற கேள்வியே பல வார்டுகளில் எழாது. நமது பழைய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் வார்டுக் கதவுக்கு வெளியே பூட்டுண்டு, உள்ளே தாழ்ப்பாள் இராது. இருந்தாலும் துருப்பிடித்து அசையாது. சிலவற்றில் கதவே கட்டிலுக்கும் தள்ளுவண்டிக்கும் இடம் கொடுத்து நிரந்தரமாகத் திறந்து கிடக்கும்.

இதில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2011 டிசம்பரில் கல்கத்தா ஆம்ரி ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தொண்ணூறு பேரளவில் மாண்டதைத் தேசம் மறக்கவில்லை. ஆயுதபாணிக்குப் பயந்து கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்தால், தீ வரும் நாளில் அதுவே கொலைக்களமாகும். உள்ளிருப்பவர் சாவி தேடாமல், ஒரே கையசைவில் தாழிடவும் திறக்கவும் கூடியதாகக் கதவு அமைய வேண்டும். இது கொத்தனும் தச்சனும் எஞ்சினீயரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். மந்திரி திறப்பு விழா நடத்தும் விஷயமல்ல. அதனால்தானோ என்னவோ இது நடப்பதில்லை.

காவற்காரர் கையில் துப்பாக்கி கொடுத்துவிட்டால் போதும் என்ற கட்சிக்காரர்களுக்கு ஒரு தகவல். 2000 முதல் 2011 வரை அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்தவர்கள், அவசர சிகிச்சைப் பகுதிகளில் நடந்தவற்றில் 100-க்கு 23-இல் சுடப்பட்ட துப்பாக்கி காவற்காரருடையதே என்று கண்டனர். தாக்க வந்தவன் அதைப் பறித்துச் சுட்டிருக்கிறான். கூட்டமும் நெரிசலும் நிறைந்த நமது அவசர சிகிச்சைப் பகுதிகளில், கண்டிராக்டர் மூலம் சொற்பச் சம்பளத்துக்கு வரும் வயோதிகக் காவற்காரர் இடுப்பில் துப்பாக்கியைத் தொங்கவிடுவது யாருக்கு உபகாரமாகும் என்பதை அவர்களே சொல்லட்டும்.

அந்தக் காவற்காரரைப் பற்றி இன்னொன்று. காமாவில் முதலில் மாண்டவர்கள் காவற்காரர்கள்; குண்டடிபட்டவர் ஒரு பணிப்பெண். ஆபத்து முதலில் சந்திப்பது இவர்களை. நமது ஆஸ்பத்திரிகளில் பயிற்சி என்று ஏதாவது நடந்தால், அது குளிர்சாதன மண்டபத்தில் டாக்டர்களுக்கு இங்கிலீஷில் நடக்கிறது. ஆயாவும், தள்ளுவண்டிக்காரரும், துப்புரவுத் தொழிலாளியும், லிப்ட் இயக்குபவரும் அழைக்கப்படுவதில்லை. கண்டிராக்ட் ஆட்கள் என்ற காரணத்தால் அவர்கள் ஸ்தாபனத்தின் சிப்பந்திகளாகவே கருதப்படுவதில்லை. எந்தப் பின்வாசல் எங்கே போகிறது, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்களே. அவர்களை விட்டுவிட்டு நடத்தும் ஒத்திகை கண் துடைப்பு.

அபாய அறிவிப்பின் பாஷையும் முக்கியம். அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஆயுதபாணி நுழைந்தால் ஒலிபெருக்கியில் ‘கோட் ஸில்வர்’ என்பார்கள். கேரளத்தார் வன்முறைக்கு ‘கோட் கிரே’ என்று ஒரு திட்டம் வகுத்திருக்கின்றனர். திட்டம் வகுத்ததை நாம் பாராட்டுகிறோம். ஆனால் நமது ஊர் வார்டில் நோயாளி ஒருவருக்கு உறவினர் இருவர் துணைக்கு உட்கார்ந்திருக்கின்றனர். வெள்ளியென்றும் சாம்பலென்றும் ஒலிபெருக்கி சொன்னால், யாரோ நகை தொலைத்தார்கள் போலும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். “இரண்டாம் மாடியில் ஆயுதத்துடன் ஒருவன் இருக்கிறான், அங்கே போகாதீர்கள், கதவைச் சாத்துங்கள்” என்று தமிழில் சொன்னால் பச்சைக் குழந்தைக்கும் விளங்கும். சுதந்திரம் பெற்றும் அபாயச் சங்கைக்கூட அந்நிய பாஷையில்தான் ஊத வேண்டுமா?

ஒத்திகை என்ற பெயரில் கூத்து நடத்தவும் கூடாது. 2010-இல் அமெரிக்காவின் நெவாடா ராஜ்யத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், முன்னறிவிப்பின்றி ஒரு போலீஸ்காரரைத் துப்பாக்கிக்காரனாக நடிக்கவிட்டு நர்ஸுகளை மிரட்டச் செய்தார்கள். அது கோர்ட்டு வரைக்கும் போயிற்று. முன்கூட்டியே சொல்லி, மெதுவாக நடந்து பார்த்து, கதவை உண்மையாகவே சாத்திப் பார்த்து, 112-க்கு யார் பேசுவது என்று தீர்மானித்து, இருபது நிமிஷத்தில் முடிக்கக்கூடிய காரியம் இது. ரத்தப் பெருக்கை அழுத்தி நிறுத்தும் கட்டுத் துணிகளை ஒரு பையில் போட்டு வார்டின் கதவருகே மாட்டிவைக்க எவ்வளவு செலவாகும்? ஆஸ்பத்திரிதானே, மருந்து இல்லாமலா போகும் என்று கேட்கலாம். தாழிட்ட அறைக்குள் இருப்பவருக்கு அடுத்த கட்டடத்து மருந்து அடுத்த ஊர் மருந்துக்குச் சமானம்.

கடைசியாக, கிண்டியிலும் தூத்துக்குடியிலும் கத்தி தூக்கியவர்கள் திடீரென்று ஆகாயத்திலிருந்து குதித்தவர்களல்ல. தாய்க்கோ மனைவிக்கோ தவறான சிகிச்சை நடந்துவிட்டது என்று மனத்தில் வைத்துக் குமைந்தவர்கள். அவர்கள் குற்றத்தை இது அணுவளவும் குறைக்காது. ஆனால் கோபத்தோடும் துக்கத்தோடும் வருகிற ஒருவனை உட்காரவைத்து, நடந்ததை அவன் பாஷையில் விளக்கி, அவன் புகாரை எழுதி வாங்கிக்கொள்ளவும், அவன் மிரட்டிப் பேசினால் அன்றே டாக்டருக்கும் போலீஸுக்கும் தெரிவிக்கவும், ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் பொறுப்புள்ள ஒருவர் இருக்க வேண்டும். ஒரே முற்பகலில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்தனுப்பும் டாக்டரிடமே இந்த வேலையையும் சுமத்துவது நடவாத காரியம். சென்னைச் சட்டசபையில் சுகாதார மானியம் விவாதத்துக்கு வரும்போது, எத்தனை ஆஸ்பத்திரிகளில் வார்டுக் கதவுகள் உள்ளிருந்து தாழிடப்படும், எத்தனையில் இவ்வருஷம் ஒத்திகை நடந்தது, அதில் கண்டிராக்ட் சிப்பந்திகள் எத்தனை பேர் கலந்துகொண்டனர் என்ற மூன்று கேள்விகளையும் எந்தக் கட்சி அங்கத்தினராவது மந்திரியிடம் கேட்பாராக.