கோப்பையைத் தேடி – 6: கொட்டாங்குச்சிக் குதிரை

மான்ட்டி பைத்தான் குழுவுக்குப் படமெடுக்கப் பணம் வந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். பிங்க் ஃப்ளாயிட், லெட் செப்லின் என்று பாட்டுக்காரர்கள் போட்ட காசு. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ‘ஹோலி கிரெய்ல்’ படத்தின் முடிவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன் கொட்டாங்குச்சி.

1975இல் வந்த படம். ஆர்தர் மன்னர் தன் வீரர்களோடு புனிதக் கோப்பையைத் தேடிப் புறப்படுகிறார். குதிரை இல்லாமல் இப்படியொரு கதையை எப்படி எடுப்பது? குதிரைகளைக் கட்டித் தீனி போடக் கையில் காசில்லை. ஆகவே மன்னர் கடிவாளம் பிடித்த பாவனையில் துள்ளித் துள்ளி ஓடுகிறார். முதுகில் மூட்டையோடு ஒரு சேவகன், கொட்டாங்குச்சி இரண்டை டொக்டொக்கென்று தட்டிக்கொண்டே பின்னால் வருகிறான். வானொலி நாடகக்காரர்கள் ஒலிவாங்கிக்கு முன் மறைவாகச் செய்துவந்த வித்தை இது. இவர்கள் அதைக் கேமராவுக்கு முன்னாலேயே செய்துவிட்டார்கள். அந்தச் சேவகன் வேறு யாருமல்ல, படத்தின் இரண்டு இயக்குநர்களில் ஒருவரான டெர்ரி கில்லியம்.

வேறு யாராக இருந்தாலும் சிரிப்பு வந்ததே போதும் என்று அடுத்த காட்சிக்குப் போயிருப்பார்கள். இங்கே கோட்டை மதில்மேல் நிற்கும் காவலன் மன்னரை மடக்குகிறான்: இந்தக் குளிர்நாட்டில் தேங்காய் ஏது? தகைவிலான் குருவி தூக்கி வந்திருக்கலாம் என்கிறார் மன்னர். 5 அவுன்ஸ் குருவி ஒரு பவுண்டு தேங்காயைத் தூக்குமா என்று காவலன் விடாமல் கேட்கிறான். நான் இந்த வாரம் பறவை நூல்களில் தேடிப் பார்த்தேன். தகைவிலானின் எடை ஏறக்குறைய 20 கிராம்தான்! 5 அவுன்ஸ் என்றால் 140 கிராம். காவலனே தாராளமாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான். குளிர்காலத்தில் நம்மூர் மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும் அதே குருவிதான். தேங்காய்க்கு ஆசைப்படும் உருவமா அது?

நியூயார்க்கில் படம் வெளியானபோது முதலில் வரும் ஆயிரம் பேருக்குத் தேங்காய் இலவசம் என்று அறிவித்தார்கள். கூட்டம் தெருவை அடைத்தது. 2007இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 5,567 பேர் கூடி ஒரே நேரத்தில் கொட்டாங்குச்சி தட்டி உலக சாதனை படைத்தார்கள்.

சரி, முடிவுக்கு வருகிறேன். படத்தில் சவாரிக்கு வரும் நிஜக் குதிரை ஒன்றே ஒன்றுதான். நடுவில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், இந்தக் காலத்து உடையில், கதையை விளக்கிக்கொண்டு நிற்பார். நிஜக் குதிரையில் பாய்ந்து வரும் வீரன் ஒருவன் அவரை வெட்டிச் சாய்ப்பான். அந்தக் கொலையை விசாரிக்கக் கிளம்பிய போலீஸ்தான் கடைசியில், பெரும் படையோடு மன்னர் பாயும் நேரத்தில், காரில் வந்து இறங்கி அவரைக் கைது செய்கிறது. ஒரு போலீஸ்காரர் கேமராவைக் கையால் மறைக்கிறார். படம் அறுந்துபோகிறது. பெரிய போர்க்காட்சிக்குப் பணமில்லாததால் வந்த முடிவு இது. முதல் வரைவில், எல்லாப் பொருளும் கிடைக்கும் லண்டன் ஹாரட்ஸ் கடையில் கோப்பையும் கிடைப்பதாக எழுதியிருந்தார்களாம்.

சோம்பேறித்தனமான முடிவு என்று திட்டுபவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். கொட்டாங்குச்சி ஓட்டிய படத்தை நிஜக் குதிரை வந்து கெடுத்தது. கணக்கு சரியாக இருக்கிறது.

ஒரே டூன் கோட்டை எப்படிப் பல கோட்டைகளாக நடித்தது என்பதற்கு இடமில்லை. அடுத்த வாரம். அதற்குள் படம் பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். இனி கதையைச் சொல்லமாட்டேன்.