எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள்?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறை எதிலாவது நுழைந்து பாருங்கள். வண்டித் தொழிற்சாலைகளுக்கு உதிரி உறுப்புகள் செய்து தரும் பட்டறைகள் அங்கே நிறைய உண்டு. புதிய வரைபடம் வந்ததும், அனுபவமுள்ள தொழிலாளி அளவுகளைப் படிக்குமுன் தாளின் மூலையிலுள்ள கட்டத்தைப் பார்ப்பார். அங்கேதான் திருத்த எண் இருக்கும். உறுப்பின் பெயர் மாறியிராது. ஆனால் பழைய திருத்தத்தின்படி கடைந்துவிட்டால் அத்தனையும் திரும்பி வந்துவிடும்.

கணிப்பொறியிலும் இந்த மூலைக் கட்டம் உண்டு. அதைப் பாராமல் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

என் மாணவர் ஒருவர் தனி ஊசல் சோதனைக்குப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதினார். ஊசலின் நீளம் 60 செ.மீ.; 20 அலைவுகளுக்கு 31 விநாடி. கல்லூரிக் கணிப்பொறியில் ஈர்ப்பு முடுக்கம் 9.86 என வந்தது. நல்ல விடைதான். வீட்டில், அண்ணனுக்கு முன்பு கிடைத்த பழைய மடிக்கணினியில் அதே நிரலை ஓட்டினார். விடை 23.7! ஏறக்குறைய வியாழன் கோளுக்கு உரிய மதிப்பு. பிழைச் செய்தி ஏதும் இல்லை. இரண்டிலும் இருந்தது லினக்ஸ்; இரண்டிலும் தட்டிய சொல் 'பைத்தான்'. ஆனால் பழையதில் அச்சொல் பைத்தானின் 2ஆம் பதிப்பைக் குறித்தது. அதில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் உதிர்ந்துவிடும். 31ஐ 20ஆல் வகுத்தால் 1.55 அன்று, 1.

லினக்ஸ் என்பது உண்மையில் உட்கரு மட்டுமே. அதனோடு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுத்துத் தருவோர் பலர். அத்தொகுப்புகளுள் டெபியன் ஒன்று, உபுண்டு ஒன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது பாஸ். 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸும் அவற்றில் இருந்தது.

ஒவ்வொரு தொகுப்பும் தன் பதிப்புகளுக்குப் பெயரிடும் முறை வேறு. பாஸின் 5.0 அனோகா, 6.0 அனூப். டெபியன் பெயர்கள் 'டாய் ஸ்டோரி' திரைப்படப் பொம்மைகளின் பெயர்கள். 12 புக்வோர்ம், 13 ட்ரிக்ஸி. உபுண்டுவோ ஆண்டையும் மாதத்தையும் எண்ணாக்குகிறது: 2004 அக்டோபரில் வந்தது 4.10. இதைத் தசம எண்ணாகப் படித்தால் 4.1 ஆகிவிடும். முக்கிய இலக்கங்களைப் பற்றி நான் வகுப்பில் தொண்டை வறளச் சொல்வது இங்கேயும் பொருந்துகிறது! பதிப்பு எண் தசம எண்ணே அன்று. புள்ளிக்கு இருபுறமும் தனித்தனி முழு எண்கள். வெறும் எழுத்துச் சரமாக ஒப்பிட்டாலும் தொல்லைதான். அகராதி வரிசையில் 10 என்பது 9க்கு முன்னே நின்றுவிடும்.

இன்று மென்பொருளாளர்கள் சோதனையைப் பொறியிடமே விட்டுவிடுகிறார்கள். நிரலில் ஓர் எழுத்து மாறினாலும், எங்கோ ஒரு வழங்கி புத்தம்புதிய லினக்ஸை எழுப்பி, நிரலை நிறுவி, ஓட்டி, தேறியதா இல்லையா எனச் சொல்லிவிடும். எந்த லினக்ஸை எழுப்புவது? அதை ஒரு கோப்பில் நாம்தான் எழுத வேண்டும். சோம்பலில் பலர் 'நிலையானது' என்றோ 'அண்மையது' என்றோ எழுதிவிடுகிறார்கள். இவை பெயர்களல்ல, நகரும் சுட்டுகள். டெபியனில் 'நிலையானது' என்பது 2025 ஆகஸ்ட் 8 வரை புக்வோர்ம், மறுநாள் ட்ரிக்ஸி. நேற்றுத் தேறிய நிரல் ஒரு வரியும் மாறாமலே இன்று தவறக்கூடும். காரணம் தேடி இரவெல்லாம் விழிக்க வேண்டியதுதான்.

சரி, பதிப்பைக் குறிப்பிட்டு எழுதிவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. பதிப்புகளுக்கு ஆயுள் உண்டு. டெபியன் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3 ஆண்டு முழு ஆதரவும், பின் 2 ஆண்டு நீட்டித்த ஆதரவும் தருகிறது. அதன்பின் அதன் மென்பொருள்கள் வழக்கமான கிடங்கிலிருந்து பழஞ்சரக்குக் கிடங்குக்குப் போய்விடும். பழைய முகவரியிலேயே தேடும் சோதனை வெறுங்கையோடு திரும்பும்.

உங்கள் கணிப்பொறியின் மூலைக் கட்டத்தையும் நீங்கள் காணலாம். லினக்ஸில் 'இடிசி' என்னும் கோப்புறையில் 'ஓஎஸ்-ரிலீஸ்' என்ற சிறு கோப்பு இருக்கும். தொகுப்பின் பெயர், பதிப்பு எண், செல்லப்பெயர் எல்லாம் வரிவரியாக அதில் உள்ளன. எந்தத் தொகுப்பின் வழிவந்தது என்று சொல்லவும் ஒரு வரி உண்டு. பாஸ் போன்ற வழித்தோன்றல்களுக்கு இவ்வரி மிகத் தேவை. பாஸின் பதிப்பு எண்ணும் டெபியனின் எண்ணும் ஒன்றல்லவே.

என் மாணவர் இப்போது நான்கு பதிப்புகளில் தானியங்கிச் சோதனை வைத்திருக்கிறார். 31, 20 என்று கொடுத்தால் 1.55 வர வேண்டும், அவ்வளவுதான் சோதனை. ஆதரவு முடிந்த அந்தப் பழைய பதிப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமே என்றேன். "எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் அதுதான் இருக்கிறது, சார்" என்றார். 20 என்பதை 20.0 என மாற்றி எழுதினார். பழையதிலும் 9.86 வந்தது.