தூக்கம் குறைந்தால் பசி கூடுவது ஏன்?

நாளை செமஸ்டர் தேர்வு. இரவு இரண்டு மணி. விடுதி அறையில் விரித்த புத்தகம். பக்கத்தில் பாதி காலியான மிக்சர் பொட்டலம். எட்டு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டாயிற்று. பிறகு ஏன் இந்தப் பசி?

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இரைப்பையில் சுரக்கிறது. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவில் சுரக்கிறது. 2004-இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் தலா நான்கு மணி நேரம் மட்டுமே படுத்தார்கள். பத்து மணி நேரம் படுத்தபோது இருந்ததைவிட லெப்டின் 18 சதவீதம் குறைவு. கிரெலின் 28 சதவீதம் அதிகம். இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டங்கள் மீதுதான் ஆசை கூடியது. தூக்கக் குறைவு பழகிப்போனால் எடை ஏறலாம்.

பதற்றமும் இப்படித்தான் கூடுகிறது. தூக்கம் கெட்டால் மூளையில் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா மிகையாக இயங்குகிறது. அதை அடக்கும் முன்நெற்றிப் புறணியின் பிடி தளர்கிறது. சின்னக் கவலையும் மலையாகி, மறுநாள் தூக்கத்தையும் விரட்டுகிறது.

இந்தச் சுழலை எப்படி உடைப்பது? தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த காபியிலுள்ள காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரமாகும். வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.