உஷார்! மாலையில் இருப்பது கல்லா, சாயமா?

நீல நிறத்தைக் காட்டி விருத்தாசலத்துக்காரர்களை ஏமாற்ற முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். பீங்கான் ஊர் இது. ஈயம் கலந்த கிளேஸில், அதாவது பீங்கானின் மேல்பூச்சில், செம்பு பச்சையாகும், காரக் கிளேஸில் அதே செம்பு வான்நீலமாகும் என்று சூளை வேலை தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் உறவுக்காரப் பெண்ணொருத்தி, போனில் பார்த்து வாங்கிய மாலையைக் காட்டினாள். "அசல் டர்க்காய்ஸ், கையால் கோத்தது, அமெரிக்கப் பழங்குடியினர் ஸ்டைல்." வெயிலில் ஒரு நாள் போட்டிருக்கிறாள். வெள்ளைத் துப்பட்டாவின் கழுத்தோரமெல்லாம் நீலக் கறை!

டர்க்காய்ஸ் என்கிற நீலக் கல் இயற்கையானதென்றால் சாயம் விடாது. விட்டால் அது சாயம் ஏற்றிய சரக்கு.

பெரும்பாலும் ஹௌலைட் அல்லது மேக்னசைட். இரண்டும் வெளுத்த, மலிவான கற்கள். ஹௌலைட்டில் சாம்பல் நரம்புகள் இயற்கையாகவே ஓடுவதால், நீலச் சாயத்தில் ஊறவைத்தால் டர்க்காய்ஸ் போலவே இருக்கும். இன்னும் மோசமானது 'பிளாக்': கல்தூளைப் பிசினில் குழைத்து வார்ப்பது. சிலவற்றில் கல்தூள்கூட இருக்காது, வெறும் பிளாஸ்டிக். ஜோசியர் சொன்னார் என்று 'ஃபிரோசா' (டர்க்காய்ஸ்தான்) மோதிரம் தேடுகிறவர்களுக்கும் இந்தச் சரக்குதான் வந்து சேரும்.

முதலில் மணியின் துளையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேலே நீலம், உள்ளே வெள்ளை என்றால் சாயம். எல்லா மணியிலும் ஒரே மாதிரி நரம்பு ஓடினால் அச்சில் வார்த்தது. நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு மறைவான ஓரத்தில் தேய்த்தால் நீலம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சாயத்தின் மேல் பூச்சு கொடுத்திருந்தால் ஒட்டாது. அதனால் இதை மட்டும் நம்பக் கூடாது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வித்தை வேண்டவே வேண்டாம், நல்ல கல்லும் கெடும். விலை பெரிதென்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடம்தான் வழி.

பிசின் ஏற்றி உறுதிப்படுத்திய அசல் டர்க்காய்ஸும் உண்டு. அது மோசடி இல்லை, சொல்லி விற்றால். பீங்கான் மணியும் அப்படித்தான். எகிப்தில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே செம்பு கலந்த நீலக் கிளேஸில் மணி செய்து டர்க்காய்ஸுக்குப் பதிலாக அணிந்தார்கள். பீங்கான் மணியின் துளையும் வெளுத்துத்தான் இருக்கும்; ஆனால் அதைப் பீங்கான் என்றே விற்கிறார்கள்.

'பழங்குடியினர் கைவேலை' என்பதிலும் உஷார். நவஹோ, சூனி போன்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயரைச் சொல்லிப் போலி விற்பது அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிலிப்பைன்ஸில் செய்த நகைகளை அப்படி விற்ற ஒரு வியாபாரிக்கு 2018இல் நியூ மெக்சிகோவில் ஆறு மாதச் சிறை கிடைத்தது. அரிசோனாவின் பேர்போன ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012இலேயே டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி நூற்றுக்கணக்கில் மலிவாக விற்கிறார்கள் என்றால் யோசியுங்கள்.

சிப்பி மாலையில் வேறு வம்பு இருக்கிறது. இங்கே பொருள் அசலாக இருந்தால்தான் சிக்கலே! ராமேஸ்வரம், கன்னியாகுமரி போனால் வாங்காமல் திரும்புகிறவர் யார்? நாட்டிலஸ், சில ராட்சத மட்டிகள், ஜன்னல் சிப்பி உள்ளிட்ட பல இனங்களை 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 'கடையில் விற்றார்கள், வாங்கினேன்' என்பது வனத்துறையிடம் எடுபடாது. எந்தச் சிப்பி என்று விற்பவருக்கே தெரியவில்லையா, வைத்துவிட்டு வாருங்கள்.

நேரில் வாங்கினாலும் போனில் வாங்கினாலும் பில்லில் 'இயற்கை டர்க்காய்ஸ், சாயம் ஏற்றாதது' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தந்தும் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. துப்பட்டாக்காரிக்கு அந்த வழியும் சுலபமில்லை. அவளுக்கு வந்த பில்லில் 'ஃபேன்சி மாலை' என்றுதான் போட்டிருந்தது.