மூன்றாவது சிலிண்டர் ஏன் உறங்கியது?

ஐப்பசி மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்த ஒரு காலை. செம்பரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரைக் கிளப்பினேன். இன்ஜின் உயிர்பெற்றது, ஆனால் குளிர்காய்ச்சல் கண்டவரைப் போல வண்டி முழுவதும் நடுங்கியது. சீராக வரவேண்டிய ஒலியில் ஒரு தாளம் தவறிக்கொண்டே இருந்தது. இதைத்தான் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங் அடிக்கிறது" என்பார்கள்.

முந்தைய ஆண்டும் இதே தொல்லை வந்தது. அப்போது பிளக்குகளை மாற்றி, பாயிண்டைத் தேய்த்து, கார்பரேட்டரையும் கழுவினேன். எல்லாம் ஒரே நாளில். கார் ஓடியது. ஆனால் எதனால் சரியாயிற்று என்பது தெரியவில்லை. மழை விட்டதால் தானாகவே சரியாகியிருக்கவும் கூடும்! இந்த முறை ஒரு பட்டறையில், "வால்வு போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கவேண்டும்" என்றார்கள். அந்தச் செலவு காரின் விலையையே தாண்டிவிடும். அப்பா விட்டுச்சென்ற காரைப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டியிருக்கும். அதற்கு முன், வகுப்பில் நடத்தும் இயற்பியலை வாசலில் பயன்படுத்திப் பார்ப்போமே என்று தோன்றியது. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டு மாணவியும் உடன் வந்தாள்.

நால்வர் தூக்கும் பல்லக்கு

என் காருக்கு நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் பெட்ரோல் ஆவி கலந்த காற்றை உறிஞ்சி, அமுக்கி, எரித்து, புகையை வெளியேற்றுகிறது. இந்த நான்கு வீச்சுகள் முடிய இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். நிமிடத்திற்கு 800 சுற்று என்றால் ஒரு சிலிண்டரில் 400 தீப்பொறிகள். நான்கிலும் சேர்த்து 1600. அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 27! பல்லக்குத் தூக்கும் நால்வரில் ஒருவர் தோளை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பல்லக்கு ஆடும். என் காரும் அப்படித்தான் ஆடியது.

12 வோல்ட்டில் பிறக்கும் மின்னல்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, வண்டலூர் அருகே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய பழைய கார்களில் தீப்பொறி உண்டாகும் முறை ஒன்றே. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இம்முறை 1910ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. பாட்டரியின் 12 வோல்ட், காயிலின் முதன்மைச் சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. 'பாயிண்ட்' என்னும் சிறு தொடுமுனை திறந்தவுடன் மின்னோட்டம் அறுபட்டு, காந்தப்புலம் சட்டென்று மறைகிறது. புலம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது 1831இல் ஃபாரடே கண்ட உண்மை அல்லவா? ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதனை முறைவைத்து நான்கு பிளக்குகளுக்கும் பங்கிடுகிறது.

உறங்குபவர் யார்?

இன்ஜினை நிறுத்தி, முதல் சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றினேன். அதை ஓர் உபரி பிளக்கில் செருகி, அந்தப் பிளக்கின் உடலை இன்ஜின் உலோகத்தோடு கம்பியால் இணைத்தேன்; உயர் மின்னழுத்தத்திற்கு ஒரு வடிகால் வேண்டுமே! மீண்டும் கிளப்பியபோது நடுக்கம் கூடியது. ஆகவே அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவதும் நான்காவதும் அவ்வாறே. மூன்றாவதை எடுத்தபோது மட்டும் ஒரு மாறுதலும் இல்லை. உறங்கியவர் அவர்தாம்!

மூன்றாவது பிளக்கைக் கழற்றினால், பெட்ரோலில் நனைந்திருந்தது. எரிபொருள் வந்திருக்கிறது, எரியவில்லை. பெட்ரோல் ஆவி இல்லாத இடமாகத் தள்ளிவைத்துச் சோதித்தோம். நல்ல பொறி வந்தது!

"பொறி வருகிறதே சார், பிறகு ஏன் எரியவில்லை?" என்றாள் மாணவி.

சரியான கேள்வி. பிளக்கின் இடைவெளி சுமார் 0.6 மி.மீ. திறந்த காற்றில் அதைத் தாண்டப் பொறிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள்ளோ காற்று அமுக்கப்பட்டிருக்கிறது. மூலக்கூறுகள் நெருங்கி நிற்பதால், எலக்ட்ரான்கள் போதிய ஆற்றல் பெறுமுன்பே மோதி அதை இழக்கின்றன. எனவே அங்கே பல மடங்கு மின்னழுத்தம் தேவை. அழுத்தத்திற்கும் இடைவெளிக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1889இல் ஜெர்மானியரான பாஷன் ஆராய்ந்து கூறினார். வழியில் வேறெங்கேனும் எளிய பாதை கிடைத்தால், மின்சாரம் அதன் வழியே நழுவிவிடும்.

இடம் மாற்றிப் பார்த்தோம்

அந்த நழுவும் இடம் எது? மூன்றாவது பிளக்கை உலர்த்தி இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் மாட்டினோம். வேறு எதையும் தொடவில்லை. கோளாறு மூன்றாவதிலேயே இருந்தது, பிளக் குற்றமற்றது. அடுத்து அவ்விரண்டின் ஒயர்களை மட்டும் இருமுனைகளிலும் இடம் மாற்றினோம். இப்போது இரண்டாவது சிலிண்டர் உறங்கியது! கோளாறு ஒயரோடு பயணம் செய்துவிட்டது.

இரவில் விளக்கை அணைத்து, கை வைக்காமல் எட்ட நின்று பார்த்தோம். ஒயரின் ரப்பர் மூடியில் இருந்த மயிரிழை வெடிப்பிலிருந்து நீலப் பொறிகள் இன்ஜின் உலோகத்திற்குத் தாவின. வெடிப்பில் படிந்த அழுக்கு, மழை ஈரத்தில் மின்கடத்தியாகிவிட்டது. புதிய ஒயர் போட்டதும் நடுக்கம் நின்றது. இன்ஜினைப் பிரிக்கவே இல்லை.

ஒயரை மாற்றியும் கோளாறு மூன்றாவதிலேயே தங்கியிருந்தால்? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடு போன்ற கரித்தடம் உண்டா என்று பார்ப்போம். அதுவும் இல்லையென்றால் சிலிண்டரின் அமுக்கத்தை அளப்போம். அப்போதுதான் வால்வின் மீது ஐயம் கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. ஓடும் இன்ஜினில் விசிறியும் உயர் மின்னழுத்தமும் ஆபத்தானவை. அடைத்த அறையில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும். பெரியவர் துணையோடு, திறந்தவெளியில் மட்டுமே செய்யுங்கள். புதிய கார்களில் ஒயரைக் கழற்றும் சோதனை வேண்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைத் தூய்மையாக்கும் கருவியைக் கெடுத்துவிடும்.

எங்கள் ஊரை ஒட்டிய பெங்களூரு நெடுஞ்சாலையில் சற்றுத் தொலைவில் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998 முதல் கார்கள் தயாராகின்றன. இன்றைய கார்களில் சுழல்தண்டின் வேகம் எந்தச் சிலிண்டரின் முறையில் குறைகிறது என்பதைக் கணினியே கணக்கிடுகிறது. மூன்றாவது என்றால் 'பி-0303' என்று குறித்தும் வைக்கிறது. ஆனால் குற்றவாளி பிளக்கா, ஒயரா, வால்வா என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு இன்றும் ஒரே வழிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, கோளாறு எங்கே போகிறது என்று பாருங்கள்.