செல்லின் ஆண்டெனாவும் சொந்தத்தில் சம்பந்தமும்

கல்மண்டபத்திலிருந்து காசிமேட்டுப் பக்கம் போனால், கரையில் நிற்கும் விசைப்படகுகளில் ஆண்டெனாக்களைப் பார்க்கலாம். நம் உடலின் பெரும்பாலான செல்களிலும் அப்படி ஒன்று உண்டு. மேற்பரப்பில் நீட்டி நிற்கும் ஒற்றை இழை; முதன்மைச் சிலியா என்பது அதன் பெயர். வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளை வாங்கிச் செல்லுக்குச் சொல்வது அதன் வேலை. நெடுங்காலம் இதை எதற்கும் உதவாத மிச்சம் என்றே விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள்.

இந்த இழை எப்போது முளைக்க வேண்டும் என்பதைப் புரதங்களே தீர்மானிக்கின்றன. செல்லுக்குள் சென்ட்ரியோல் எனும் இரண்டு சிறு உருளைகள் உள்ளன. மூத்த உருளைதான் இழைக்கு அடித்தளம். அதன் நுனியில் சிபி110 என்ற புரதம் மூடி போல் உட்கார்ந்திருக்கும். செல் பிரியாமல் ஓய்ந்திருக்கும்போது டிடிபிகே2 என்ற நொதி அந்த மூடியை விலகச் செய்கிறது. பிறகுதான் இழை வளரும். இழைக்குள் புரதம் தயாராவதில்லை. எல்லாம் கீழிருந்துதான் போக வேண்டும். துறைமுகத்துக்குப் போய்வரும் சரக்கு ரயில் மாதிரி, கைனசின் சரக்கை மேலே ஏற்றிச் செல்கிறது, டைனீன் திருப்பிக் கொண்டுவருகிறது. செல் மறுபடி பிரியத் தொடங்கினால் அரோரா ஏ என்ற நொதி இழையைக் கலைக்க உதவுகிறது.

இதில் ஒரு புரதம் பழுதானால் என்ன ஆகும்? பார்டெட்-பீடில் நோயைப் பாருங்கள். இழைக்குள் சரக்கு போய்வர உதவும் எட்டுப் புரதங்களின் கூட்டணி ஒன்று உண்டு. அதில் ஏற்படும் கோளாறே பலருக்கு இந்நோயைத் தருகிறது. குழந்தைக்கு ஆறாவது விரல் இருக்கலாம், சிறு வயதிலேயே உடல் பருக்கலாம், இருட்டில் கண் தெரியாமல் போகலாம், சிறுநீரகம் கெடலாம். விழித்திரையின் ஒளியுணர் செல்களும் ஒரு வகைச் சிலியாவைக் கொண்டே இயங்குகின்றன. அதனால்தான் பார்வை பாதிக்கப்படுகிறது. மாலைக்கண் என்று கீரையும் கேரட்டும் கொடுத்துக் காத்திருப்பதால் இந்த மாலைக்கண் தீராது.

ஆறு விரலை நம் வீடுகளில் அதிர்ஷ்டம் என்பார்கள். ஆறு விரல் உள்ள எல்லாருக்கும் இந்நோய் இல்லைதான். ஆனால் மற்ற அறிகுறிகளும் சேர்ந்தால் கண் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் அவசியம்.

இது பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் தோன்றும் நோய். இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் இந்நோயுள்ள இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் பல, நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்கள். மாமன் மகளை, சாச்சா மகனை மணப்பது மார்க்கத்தில் ஆகுமானது, கடமை அல்ல. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருக்கிறதென்றால், அடுத்த சம்பந்தம் பேசுமுன் மரபணு ஆலோசனைக்குப் போய் வருவது நல்லது. போகும்போது இரு பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு, யாருக்குக் கண், யாருக்குக் கிட்னி என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.