வழுக்கி விழுந்தால் வாய் திறக்க வேண்டும்

கேளிக்கைப் பூங்கா என்றதும் கண் முன் நிற்பவை ராட்டினமும் நீர்ச்சறுக்கும்தான். 1984-இல் டெல்லி பிரகதி மைதானத்தில் அப்பு கர் திறக்கப்பட்டது, 2008-இல் மூடப்பட்டது. அதற்குள் மும்பை, பெங்களூர், ஹைதராபாத் என்று பெரிய நகரங்களில் இத்தகைய பூங்காக்கள் பெருகிவிட்டன. கூட்டிப் பெருக்கவும், சமைக்கவும், ராட்டினத்தை இயக்கவும் அங்கே ஆட்கள் தேவை. பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு அது ஒரு வேலை.

ராட்டினம் அறுந்தால் பத்திரிகையில் செய்தி வரும். சிப்பந்தி வழுக்கி விழுந்தால் வராது. ஆனால் ஆபத்து காலடியிலேயே இருக்கிறது. குளத்தின் ஓரத்தில் பாசி, சிற்றுண்டிச் சாலையில் சிந்திய எண்ணெய், பாதையின் குறுக்கே ஒயர், வெளிச்சமில்லாத படிக்கட்டு. பொம்மை வேஷம் போட்டவருக்குத் தம் பாதமே தெரியாது. விழுகிறவர் கையை ஊன்றுவார், மணிக்கட்டு முறியும். மல்லாந்து விழுந்தால் இடுப்பும் தலையும் அடிபடும்.

"வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு" என்று மேஸ்திரி சொன்னால் தலையாட்டக் கூடாது. அந்த ஒரு வார்த்தையால் வரும் நஷ்டம் பெரிது. இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். குறிப்பிட்ட நாட்களுக்குச் சந்தாவும் கட்டியிருக்க வேண்டும். வேலையில் பட்ட காயத்துக்கோ சுமார் 90 சதவீதம். வேலை செய்ய இயலாத காலம் முழுவதும் உண்டு. சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உரிமை உண்டு. விபத்து நடந்த நாள் நீங்கலாக மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாத நிலை இருக்க வேண்டும், அவ்வளவே. நிரந்தர ஊனமானால் தனி உதவித் தொகை உண்டு.

இ.எஸ்.ஐ.யில் சேராதவருக்கு முதலாளியே நஷ்டஈடு தர வேண்டும். இந்தப் பொறுப்பு 1923 முதல் சட்டத்தில் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம் பெற்றிருக்கிறது. காண்டிராக்டர் மூலம் வந்த ஆள் என்பதால் உரிமை போய்விடாது; பூங்கா நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு.

விழுந்தவர் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் உண்மையான இடத்தையும் நேரத்தையும் கூற வேண்டும். உடனிருந்தவர்கள் சாட்சி சொல்லத் தயங்கக் கூடாது. நிர்வாகமும் பாசியைத் தேய்த்து, ஒயரை ஒதுக்கி, வழுக்காத செருப்பு வாங்கித் தரலாம். முறிந்த எலும்புக்கு ஆகும் செலவைவிட அது குறைவு.